வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள்

சிதம்பரம்
6.1.2025

அன்பு ஜோதி,

போனில் சொன்னால் "பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தையில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். விடுதியில் ஒரே அறையில் இருந்துகொண்டே, சண்டை வந்தால் சீட்டு எழுதி என் தலையணைக்கடியில் வைத்தவள் நீ. பேச்சைவிட எழுத்துதான் உனக்கு ஒத்துவரும்.

ஸ்ரீமதிக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. வடலூர்க்காரர்கள். பையனுக்கு நெய்வேலியில் வேலை. அம்மா பெயர் அமராவதி. எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவாராம். இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்கிறார்கள். இங்கே எங்கள் வீடு இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியாது. மழைத் தண்ணீர் ஏறி இறங்கியதில் இடுப்பு உயரத்துக்குச் சுவரெல்லாம் கறை. சோபா ஊறி வீங்கி வாசலில் கிடக்கிறது. போன மாதம் ஒரு இடம் வந்து, காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். என் பெண் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "என்னையா பாத்தாங்க, செவத்தத்தான் பாத்தாங்க" என்றாள்.

ஒரு நாளைக்கு மட்டும் புதுப்பாளையத்து வீட்டை எங்களுக்குத் தருவாயா? பத்திரம் என் பெயரில் இருந்தாலும் ஒன்பது வருஷமாக வாடகை கொடுத்து நீ இருக்கிற வீடு. உன்னைக் கேட்காமல் நான் கால் வைக்க மாட்டேன். "கடலூர்ல எங்களுக்கு ஒரு வீடு இருக்கு, அங்க வாங்க" என்று சொன்னால் அது பொய்யில்லைதானே? என் வீட்டுக்காரர்கூட, "ஜோதி வூடு மாதிரி பெரிய பணக்காரன் வூடும் இருக்காது, கேட்டுப் பாரேன்" என்கிறார்.

இன்னொன்று. எதை எதால் செய்தாய் என்று கொஞ்சம் விவரமாக எழுது. அவர்கள் கேட்டால் நாங்கள் முழிக்கக் கூடாது.

உன்
இளமதி


கடலூர்
11.1.2025

இளமதி,

சம்மதம். சனிக்கிழமை மாலையே குடிகாட்டில் என் தம்பி டோனி வீட்டுக்குப் போய்விடுகிறேன். சாவி பக்கத்து வீட்டு ராசம்மாளிடம் இருக்கும்.

வீடு உன்னுடையது என்பது பொய்யில்லை. உள்ளே இருப்பதும் உன்னுடையது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. அது உன் பாடு.

நீ கேட்ட விவரம். இந்த வீட்டுச் சுவரில் ஆணி நிற்காது. உப்பு பூத்த சுவர். ஓர் ஆணி அடித்தால் கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து வரும். அதனால் இங்கே எதையும் சுவரில் மாட்டவில்லை. எல்லாம் தரையில் நிற்கிறது, அல்லது சாய்ந்திருக்கிறது, அல்லது உத்தரத்துக் கொக்கியில் தொங்குகிறது. என் நூலகச் சம்பளத்தில் சுவரை இடித்துப் பூச முடியாது. மறைக்க முடியும்.

கூடத்தில் இருக்கும் அலமாரி முதுநகரில் உடைத்த படகின் பலகை. விறகுக்கடையில் அடுப்புக்காகப் போட்டிருந்தார்கள். நீலச் சாயத்தை நான் சுரண்டவில்லை. அடிபட்ட இடம் தெரிந்தால்தான் பலகைக்கு ஒரு வயசு இருக்கும். மேற்குச் சுவர் முழுக்கத் தொங்குவது கோரைப் பாய்கள். அவற்றை ஒட்டி நாற்காலி போடாதீர்கள், பின்னால் காற்று போக வேண்டும். தரையில் பெயர்ந்த இடங்களில் பூப்போல் இருப்பது டைல்ஸ் கடைக்காரர் குப்பையில் கொட்டிய உடைசல். வெள்ளை சிமெண்டு வைத்து நானே பதித்தேன். சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்குக்கூடு, ஓட்டை பெரிதாகிப்போன அலுமினிய வடிதட்டு. பகலிலும் விளக்கைப் போட்டு வையுங்கள். சுவரில் புள்ளி புள்ளியாக விழும், கறை தெரியாது.

சன்னல் திரைகள் என் அம்மா சவரிமேரியின் சுங்கடிப் புடவைகள். இழுத்துக் கட்ட வேண்டாம். இழை நொந்துபோயிருக்கிறது.

மாடத்தில் சகாயமாதா படம் இருக்கிறது. அதை மட்டும் யாரும் தொட வேண்டாம்.

ஸ்ரீமதிக்கு நல்லபடியாக அமையட்டும்.

ஜோதி


சிதம்பரம்
28.1.2025

என் ஜோதிக்கு,

அமைந்துவிட்டது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

அமராவதி அம்மா செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுவிட்டார். பிறகு பாயைத் தொட்டார், திரையைத் தொட்டார், குனிந்து தரையைத் தடவினார். "யாரு கைவேல இது?" என்று கேட்டார். ஸ்ரீமதி தலையைக் குனிந்தாள். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை ஜோதி. அவர்களாகவே, "பொண்ணு கையில லட்சுமி இருக்கா, இருக்கறத வச்சு வூட்ட இப்பிடி ஆக்கியிருக்கு, ஜாஸ்தி செலவு வைக்காது" என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் குறுக்கே போய் எப்படித் திருத்துவது? காபி முழுசும் குடித்தார்கள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

உனக்கு ஒரு புடவையும் இனிப்புப் பெட்டியும் சமையலறையில் வைத்திருக்கிறேன். புடவையைத் திரையாக்கிவிடாதே. கட்டிக்கொள்.

வடிதட்டை எப்படித் தொங்கவிட்டாய், வயரை எதில் கோர்த்தாய்? ஸ்ரீமதி கேட்கிறாள்.

இளமதி


கடலூர்
2.2.2025

இளமதி,

இனிப்பை ராசம்மாள் வீட்டுக்குக் கொடுத்தேன். புடவை இருக்கிறது.

ஞாயிறு மாலை வந்தபோது மாடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. படம் இல்லை. வீடு முழுக்கத் தேடினேன். குளியலறைப் பரணில், உடைந்த வாளிக்குள், தரை துடைக்கும் துணி சுற்றிக் கிடந்தது. என் பெயர் எழுதிய புத்தகங்களெல்லாம் கட்டிலுக்கடியில் இருந்தன. வாசலில் ஒட்டியிருந்த குருத்தோலைச் சிலுவையைக் கிழித்திருக்கிறார்கள். அதன் பாதி இன்னும் நிலைப்படியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த மாடத்தில் உன் சாமியை வைத்ததில் எனக்குக் குறையில்லை. கேட்டிருந்தால் நானே துடைத்து இடம் விட்டிருப்பேன். தொட வேண்டாம் என்று ஒன்றே ஒன்றைத்தான் எழுதினேன். படுக்கையறை இருந்தது, ராசம்மாள் வீடு இருந்தது. குளியலறை என்று யாருக்குத் தோன்றியது?

இதற்கு மட்டும் பதில் எழுது. விளக்கைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஜோதி


சிதம்பரம்
8.2.2025

ஜோதி,

எனக்குத்தான் தோன்றியது. வேறு யாரையும் சொல்ல மாட்டேன். அவர்கள் எல்லா அறையையும் பார்ப்பார்கள் என்று தரகர் கடைசி நேரத்தில் போனில் சொன்னார். படுக்கையறைக்குள் போனார்கள், சமையலறையில் டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார்கள். குளியலறைப் பரணை மட்டும்தான் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். கார் வந்து நின்றுவிட்டது. கையில் கிடைத்த துணியைச் சுற்றினேன். அது என்ன துணி என்று பார்க்கவில்லை. மாதாவிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் இரண்டு பேருக்கும் பரீட்சைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றியவள்தானே நான்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டேன். எழுதாமல் தீராது.

அன்றைக்குக் கிளம்புகிற நேரத்தில் அமராவதி அம்மா, "இந்த வூடு யாருக்குங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எல்லாம் பொண்ணுக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டார். பேச்சுக்குச் சொன்னதாக நான் நினைத்தேன். அவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பையனுக்குக் கடலூருக்கு மாற்றலாகப் போகிறதாம். வைகாசியில் கல்யாணம், அங்கேயே குடித்தனம் என்று பேசி முடித்துவிட்டார்கள். இப்போது இல்லை என்றால் கல்யாணமே நின்றுவிடும் என்கிறார் இவர். ஸ்ரீமதிக்கு வயசு ஏறிக்கொண்டே போகிறது, உனக்குத் தெரியாதா.

"நீ இருக்கற வரைக்கும் இது உன் வீடு" என்று சொன்னது நான்தான். மறக்கவில்லை. பங்குனிக்குள் வேறு இடம் பார்க்க முடியுமா? நானும் தேடுகிறேன். எந்த இடத்தைக் கொடுத்தாலும் நீ வீடாக்கிவிடுவாய்.

இளமதி


கடலூர்
23.2.2025

இளமதிக்கு,

உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று உன் சம்பந்தி அம்மாள் வந்துவிட்டார். அதனால் யோசிக்க வேண்டிய வேலை குறைந்தது.

சனிக்கிழமை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. இரண்டு அம்மாக்கள் உள்ளே வந்தார்கள். பெரியவர் தன் தங்கையிடம், "இதாம்மா நான் சொன்ன வூடு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதான் வூட்டப் பாத்துக்கற அம்மாவா? இளமதி சொன்னாங்க, ஒரு ஆளு வச்சிருக்கோம்னு" என்றார்.

நீ ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய்.

"ஆமாங்க" என்றேன். வேறு எதைச் சொன்னாலும் ஸ்ரீமதியின் தலையில் போய் விழும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. உட்காரச் சொன்னேன். டீ போட்டேன். என் வீட்டில், என் டம்ளரில், அவர்கள் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

அமராவதி அம்மாள் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். படகுப் பலகையில் கை வைத்து, "பொண்ணு என்னா சொன்னிச்சு தெரியுமா? அடிபட்ட எடம் தெரிஞ்சாத்தான் பலகைக்கு ஒரு வயசு இருக்கும்னு. படிச்ச பொண்ணு பேச்சே தனி" என்றார். அந்த வாக்கியத்தை உனக்கு எழுதுவதற்கு முன்னால் நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் மகள் வெறுமனே தலையைக் குனியவில்லை, இளமதி. என் கடிதத்தை மனப்பாடம் செய்திருக்கிறாள். விவரமாக எழுது என்று நீ கேட்டது எதற்கு என்று இப்போது புரிகிறது.

போகும்போது தங்கை அம்மாள் கேட்டார்: "சம்பளம் எல்லாம் ஒழுங்கா குடுக்கறாங்களா?" "குடுக்கறாங்க" என்றேன். அமராவதி அம்மாள், "கை சுத்தமா வச்சிருக்கீங்க. கல்யாணத்துக்கு அப்பறமும் இங்கியே இருங்க, எங்கியும் போயிடாதீங்க. பொண்ணு வேலைக்குப் போனா வூட்டுல ஒரு ஆளு வேணும். தீவாளிக்கு நான் பொடவ எடுத்துத் தரேன்" என்றார். நல்ல மனுஷி. எனக்கு வேலை கொடுத்துவிட்டுப் போனார்.

பங்குனிக்குள் காலி செய்கிறேன். இடம் நானே பார்த்துக்கொள்கிறேன். நீ தேட வேண்டாம்.

ஜோதி


சிதம்பரம்
1.3.2025

ஜோதி,

நான் "வேலைக்காரி" என்று சொல்லவே இல்லை. அவர்கள் உன் துணிகளைப் பார்த்துவிட்டு, "இங்க யாரு இருக்காங்க?" என்று கேட்டார்கள். தெரிந்தவர்கள் குடியிருக்கிறார்கள் என்றால் அடுத்த கேள்வி, "அப்ப இதெல்லாம் யாரு செஞ்சாங்க?" என்று வரும். அதனால் "ஒருத்தவங்க பாத்துக்கறாங்க" என்றேன். நீ வீட்டைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? நான் சொன்னதை அவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டால் அதற்கு நானா பொறுப்பு?

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் வரியை அடிக்கவில்லை. அப்படியே விடுகிறேன்.

"ஆமாங்க" என்று நின்றாயே, அதற்கு உன் காலில் விழ வேண்டும். ஸ்ரீமதியிடம் சொன்னேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரே ஒரு கடைசி உதவி. பலகை, பாய், திரை, விளக்கு எல்லாவற்றையும் இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறாயா? கல்யாணம் முடிகிற வரைக்கும் போதும். உனக்கு அவை வெறும் விறகும் பழந்துணியும்தானே, வேறு இடத்தில் உன் கை மறுபடி செய்துவிடும். எங்களால் எதைக் கொடுத்தும் அதைச் செய்ய முடியாது. இவர் புதுசாகச் சோபா, ஷோகேஸ் வாங்கிப் போடுகிறேன் என்கிறார். அமராவதி அம்மாவுக்கு அது பிடிக்காது. இதைப் பார்த்துத்தான் சம்மதித்தார்கள்.

இளமதி


கடலூர்
30.3.2025

இளமதிக்கு,

சாவி ராசம்மாளிடம்.

நான் கொண்டுவந்ததை எடுத்துக்கொண்டேன். தரையில் பதித்த பூக்களை விட்டிருக்கிறேன், பெயர்த்தால் தரை போய்விடும். நீ கொடுத்த புடவை சமையலறை மேடையில் இருக்கிறது, மடிப்புக் கலையவில்லை.

ஜோதி


சிதம்பரம்
8.4.2025

ஜோதி,

உனக்கு இவ்வளவு கல்மனசு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நேற்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். பையனும் வந்திருந்தான். பூட்டைத் திறந்து உள்ளே போனால் ஒரு குடோன் மாதிரி இருக்கிறது. அந்த மேற்குச் சுவர்! கை வைத்தால் மாவு மாதிரி உதிர்கிறது. சன்னல் கம்பியெல்லாம் துரு. மேசை இருந்த இடத்தில் ஒற்றை வயர் தொங்குகிறது. இப்படி ஒரு சுவர் இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவையாவது என்னிடம் சொன்னாயா?

அமராவதி அம்மா உள்ளே வரவேயில்லை. வாசலில் நின்றபடி, "எங்கங்க எல்லாம்?" என்றார். ஸ்ரீமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்வேன் சொல்லு? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா வேலையை விட்டுப் போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொன்னேன்.

"அடிப்பாவி, மொகத்தப் பாத்தா அப்பிடித் தெரியலியே, நான் பொடவ எடுத்துத் தரேன்னு வேற சொன்னனே" என்று அமராவதி அம்மா மாய்ந்து மாய்ந்து சொன்னார். பையனுடைய அப்பா போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று நிற்கிறார். அவருக்கு அங்கே ஆள் தெரியுமாம். என் வீட்டுக்காரர் "கல்யாண நேரத்துல போலீசு எதுக்குங்க" என்று சமாளித்து வைத்திருக்கிறார். எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று தெரியவில்லை.

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். பொருளைக் கொண்டுவந்து வைத்துவிடு. மனசு மாறித் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்கிறேன். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

இளமதி


கடலூர்
12.4.2025

இளமதிக்கு,

சுவரை முதலில் முடித்துவிடுகிறேன். உப்பு பூத்த சுவர் என்று ஜனவரியிலும் எழுதினேன். குடிவந்த வருஷமே உனக்கு மூன்று முறை எழுதினேன். மேற்குப் பக்கம் உப்பு ஏறுகிறது, கொத்தனாரை வரவழை என்று. "இவருக்கு இப்ப கையைக் கடிக்குது, உன் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா" என்று பதில் எழுதினாய். நானும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பாய் வாங்கப் போனேன். இத்தனை வருஷம் உன் சுவரை உன் கண்ணில் படாமல் வைத்திருந்தது நான்தான். அந்தத் தவறு என்னுடையது. இப்போது நீ பார்த்தது நீ எனக்குக் கொடுத்த வீடு.

அடுத்து போலீஸ். எழுதிக் கொடுக்கச் சொல். ஸ்டேஷனில் ரைட்டர் உன்னைக் கூப்பிட்டு, காணாமல் போன பொருளுக்கு அடையாளம் கேட்பார். திரைகள் சுங்கடி என்று சொல்லலாம், அதை என் கடிதத்தில் படித்திருக்கிறாய். எந்தத் திரையின் ஓரத்தில் மருந்துக் கறை இருக்கிறது, என் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கடைசியாக எதைக் கட்டிக்கொண்டு போனாள் என்று நான் எழுதவில்லை. எந்தப் பலகையில் படகுக்காரர் மகளின் பெயரைக் கம்பியால் கீறியிருக்கிறார் என்றும் எழுதவில்லை. மதிப்பு என்ன என்று கேட்பார். விறகு, பழம்புடவை, ஓட்டை வடிதட்டு என்று உன் வீட்டுக்காரர் அவர் முன்னால் நின்று சொல்லட்டும். சகாயமாதா படமும் போய்விட்டதா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்றும் யோசித்து வை.

இப்போது முதுநகரில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். சுவர் நன்றாக இருக்கிறது. ஆணி அடிக்கலாம் என்று வீட்டுச் சொந்தக்காரரே சொன்னார். நான் ஒன்றும் மாட்டவில்லை. பாய்கள் சுருட்டியபடி மூலையில் நிற்கின்றன. திரை மூட்டையை அவிழ்க்கவில்லை. எதைச் செய்தாலும் அதை யாரோ வந்து தொட்டுப் பார்த்து, வேறு ஒருத்தியின் பெயரைச் சொல்வது போலவே இருக்கிறது. இது போகும் என்று டோனி சொல்கிறான். அவன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வான்.

வேலைக்காரி என்று சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராசம்மாள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அவள் வீட்டில் உட்கார்ந்து நான் சாப்பிட்டிருக்கிறேன். ஸ்ரீமதி நல்லபடியாகப் போகட்டும் என்று அந்தப் பெயரோடு நின்றேன். திருடி என்று சொன்னது வேறு. அந்தப் பெயரோடு என்னால் நிற்க முடியாது. நீ எதைச் சொன்னாலும் நான் "ஆமாங்க" என்று நிற்பேன் என்று உனக்கு எப்படித் தோன்றியது? நான் ஒரு முறை அப்படி நின்றதனால்தான் தோன்றியிருக்கும்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, வடலூருக்குப் போகிறேன். அமராவதி அம்மாளைப் பார்த்து என் பெயரைச் சொல்வேன், எங்கே வேலை செய்கிறேன் என்று சொல்வேன், அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தேன் என்று சொல்வேன். எடுத்துக்கொண்டு போனது என் பொருள் என்று சொல்வேன். அவ்வளவுதான். ஸ்ரீமதியைப் பற்றி நானாக ஒரு வார்த்தை எடுக்க மாட்டேன். அவர்கள் கேட்டால் நல்ல பெண் என்பேன். பயந்த பெண் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். மீதியை அவர்களே கூட்டிப் பார்த்துக்கொள்வார்கள், தடுக்க என்னால் ஆகாது. அதனால் கல்யாணம் நின்றால் நான் சந்தோஷப்பட மாட்டேன். ஆனாலும் போவேன்.

அதற்கு முன் நீயோ அவளோ போய் உண்மையைச் சொல்லிவிட்டால் நான் போக வேண்டியதில்லை. நாள் இருக்கிறது.

எனக்குத் தெரியாமல் நீங்கள் எல்லாம் செய்தீர்கள். நான் உனக்குச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

ஜோதி மேரி